முதல் கரண்டி

எத்திராஜ் கட்ட வேண்டிய பாக்கி இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். அதில் ஒரு ரூபாயைக்கூட அவன் கையால் தொட்டதில்லை. கல்யாணத்துக்கு வாங்கியதில்லை, கருமாதிக்கு வாங்கியதில்லை, குடித்து அழித்ததும் இல்லை. அவன் காலுக்குக் கீழே இருந்த மண் பட்ட கடன் அது.

ஈயப்பேட்டையில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கிற கம்பெனி ஒன்று இருந்தது. எத்திராஜ் அதில் கரண்டி ஆள். உலையில் தளதளவென்று உருகிக் கிடக்கும் ஈயத்தை நீளக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவது அவன் வேலை. கம்பெனி மதிலை ஒட்டியே குடிசைகள், எண்பத்து நாலு குடும்பம். ஒரு நாள் கம்பெனி கேட் திறக்கவில்லை. முதலாளி எங்கே என்று போலீஸ் கேட்டது, கோர்ட் கேட்டது. கடைசியில் உரிமையாளர் எவரும் கண்டறியப்படவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். புல்கூட முளைக்காமல் கிடந்தது நிலம். பிறகு நகரம் வளர்ந்து வளர்ந்து அந்தப் பக்கம் வந்தது. தலைக்கு மேலே ரயில் ஓடியது. சும்மா கிடந்த நிலத்துக்கு விலை வந்தது.

விலை வந்ததும் சட்டமும் வந்தது. ஈயம் கலந்த தண்ணீர் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்றார்கள். விஷ நிலத்தை அங்கே வாழ்ந்த மக்களே கூடிச் சுத்தம் செய்ய வேண்டும். செய்தால் அங்கே எழும்பும் அடுக்குமாடியில் குடும்பத்துக்கு ஒரு வீடு. மக்கள் பங்கேற்பு என்று அதற்குப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நிலத்தை எண்பத்து நாலு துண்டாகப் பிரித்து, சுத்தம் செய்யும் செலவையும் எண்பத்து நாலாக வகுத்து ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் எழுதியிருக்கிறார்கள் என்பது கைதட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. கெடுத்தவன் காணாமல் போய்விட்டான், இருந்தவன் கட்ட வேண்டியதாயிற்று.

கட்டுவதற்கு வழியும் அவர்களே வைத்திருந்தார்கள். சோதனைக்கூடத்தில் உருவாக்கிய ஒரு செடி. அதிகாரிகள் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள், சனங்கள் குடிகாரக் கீரை என்று வைத்தார்கள். மண்ணிலிருக்கும் ஈயத்தை மடக்மடக்கென்று உறிஞ்சும். குடிக்கக் குடிக்க இலை நரம்பு சிவந்துபோகும், சாராயக்கடை வாசலில் நிற்பவன் கண் மாதிரி. அறுத்துக்கொண்டு போய் சோதனை நிலையத்தில் கொடுத்தால், அதில் எவ்வளவு ஈயம் என்று எந்திரம் சொல்லும். அந்த அளவு கடனில் கழியும். சில அறுப்புகளுக்குப் பிறகு இலை பச்சையாகவே நின்றால் துண்டு தெளிந்துவிட்டது என்று அர்த்தம். தெளிந்தவர்கள் மீதிக் கடனை வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் கட்டலாம். தெளியாத துண்டுக்கு ஒவ்வொரு அறுப்பிலும் தாமதக் கட்டணம். எண்பத்து நாலு துண்டும் தெளிந்தால்தான் நிலத்துக்குச் சான்று. சான்று வந்தால்தான் கட்டடம்.

எண்பத்து மூன்று தெளிந்துவிட்டது.

எத்திராஜின் துண்டு மட்டும் தெளியவில்லை. ஒவ்வொரு அறுப்பிலும் கூடைகூடையாகச் சிவப்பிலை கொண்டுபோய்க் கொட்டினான். கழிந்ததைவிடக் கட்டணம் அதிகமாக ஏறியது.

தினமும் காலையில் ஒரு பறக்கும் கேமரா வயலுக்கு மேலே சுற்றும். அதைத் தட்டான் என்பார்கள். அது சுற்றி முடித்ததும் நுழைவாயில் பலகையில் எல்லாத் துண்டும் கட்டம்கட்டமாக எரியும். அத்தனை பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. எத்திராஜ் அந்தப் பலகையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வருவான், பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

"இன்னாண்ணா, உன் கட்டம் இன்னும் மப்புலயே கீது?" என்றாள் தேசம்மா. அடுத்த துண்டுக்காரி, மீன் விற்கிறவள். வாயை மூடினால் வியாபாரம் நின்றுவிடும் என்று நம்புகிறவள்.

"தெளியும் தேசம்மா."

"எப்போ, நான் மண்ணுக்குள்ள போனதுக்கப்புறமா? யாரோ பேட்டரித் தகட்ட ராவோட ராவா பொதச்சி வச்சி கடன கழிக்கிறாங்கன்னு பேசிக்கிறாங்கப்பா. நான் சொல்லல. ஊரு சொல்லுது."

"பொதச்சா கடன் கொறையணும்ல? எனக்கு ஏறிக்கினு போவுது, பாக்கல நீ?"

தேசம்மா யோசித்தாள். "அதான் எனக்கும் பிரியல. திருடறவன் இவ்ளோ நஷ்டத்துல திருடுவானா?" பிறகு குரலை இறக்கினாள். "சங்கத் தலைவரு ஞாயித்துக்கிழம கூட்டம் வெச்சிக்கீறாரு. கை தூக்கச் சொல்வாரு. நான் இன்னா பண்றது சொல்லு. எம் மருமவ மாசமா கீறா. தகரக் கொட்டாய்ல புள்ள பெக்க முடியுமா?"

அவளைக் குற்றம் சொல்ல எத்திராஜால் முடியவில்லை. தடையாக இருக்கும் குடும்பத்தை மக்களே கை தூக்கி நீக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. நீக்கினால் வண்டி வைத்து மண்ணைத் தோண்டி அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தச் செலவும் அந்தக் குடும்பத்தின் தலையில். வீடு போகும், கடன் இருக்கும்.

வீடு அவனுக்காக அல்ல, பவளத்துக்காக. பவளம் அவனுக்கும் சம்பூரணத்துக்கும் ஒரே மகள். வயது இருபத்தாறு. பேச்சு நாலைந்து வார்த்தைதான், நாலு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் அறிவு. அடுக்குமாடி வரும்வரை தங்கக் கொடுத்த தகரக் கொட்டகையில் கதவு என்று ஒரு படுதா தொங்கியது. சம்பூரணம் அதன் குறுக்கேதான் படுப்பாள். "நம்ம காலத்துக்கப்புறம் இவளுக்கு ஒரு கதவு வோணும்யா. உள்ள தாப்பா போட்ற மாதிரி" என்பாள். வேறு எதையும் அவள் அவனிடம் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நஸ்ரீன் வந்தாள். மண் பரிசோதனை அதிகாரி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குகிறவள் என்பதால் சனங்களுக்கு அவளைப் பிடிக்கும். எத்திராஜின் துண்டில் வரிசைவரிசையாக இலை பறித்து வெள்ளைத் துணியில் பரப்பினாள். பரப்பிவிட்டு எழுந்து நின்றாள். மறுபடி குனிந்தாள்.

"அண்ணே, இங்க வாங்க. பாருங்க. ரோட்டுப் பக்கம் இலை ஓரளவு பச்சையா இருக்கு. இந்தப் பக்கம் வர வர சிவப்பு ஏறுது. கடைசி வரிசை ரத்தம் மாதிரி இருக்கு. விஷம் உங்க துண்டுல இல்ல. எங்கிருந்தோ உங்க துண்டுக்கு வருது." அவள் கை நீட்டினாள். "அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அம்மா கீறா."

உலையம்மன். ஓர் ஆள் உயரக் கல், மேலே தகரக் கூரை, சுற்றிச் சின்ன மேடை. கம்பெனி இருந்தபோதே உலைக்கூடத்தின் பின்வாசலில் இருந்தவள். சம்பூரணம்தான் விளக்கேற்றுவாள், அதனால்தான் பக்கத்துத் துண்டு இவர்களுக்குக் கிடைத்தது. வேலை தொடங்குமுன் மக்களைக் கூட்டிக் கழிவு கொட்டிய இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது, கோயிலைச் சுற்றிக் கோடு போட்டு யாரும் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மண்ணைச் சோதிக்கத் துளை போடும் எந்திரம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

"சாமிக்குக் கீழ?"

"கீழ ஒன்னியும் இல்ல மேடம். மொதக் கரண்டிதான்."

"அப்படின்னா?"

"ஞாயித்துக்கிழம உலைய அணைப்பாங்க. திங்கக்கிழம திரும்ப மூட்டி, மொதல்ல உருகுற ஈயத்த ஒரு கரண்டி அம்மா காலடியில ஊத்திட்டுத்தான் அச்சுல ஊத்துவோம். அங்க ஒரு குழி கீது. உலைக்கு ஒரு கரண்டி. மூணு உலை."

"எத்தனை வருஷமா?"

"கம்பெனி இருந்த வரைக்கும். எனக்கு முன்னாடி எங்கப்பா ஊத்துனாரு."

நஸ்ரீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் மனதுக்குள் பெருக்குவது எத்திராஜுக்குத் தெரிந்தது. கரண்டி ஆட்களுக்கு எப்போதுமே கை நடுங்கும்; அவன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"அண்ணே, வரைபடம் போடும்போது நீங்களும்தானே இருந்தீங்க? சாம்பல் கொட்டின இடம், ஆசிட் ஊத்தின இடம், உடைஞ்ச தகடு போட்ட பள்ளம் எல்லாம் சொன்னீங்க. இதை ஏன் யாருமே சொல்லல?"

எத்திராஜ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். மறைத்ததாக அவனுக்குத் தோன்றவே இல்லை. "கொட்டுன எடத்ததான மேடம் கேட்டீங்க? இது கொட்டுனது இல்ல. குடுத்தது."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "கட்டி ஈயம் சும்மா கிடந்தா அவ்வளவா கரையாது. ஆனா இந்த மண்ணுல பேட்டரி ஆசிட் ஊறியிருக்கு. மழை பெய்யப் பெய்ய அது ஈயத்தைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். உங்க கீரை ஆயுசுக்கும் குடிச்சாலும் தீராது. பச்சையான துண்டெல்லாம்கூடக் கொஞ்ச நாள்ல திரும்பச் சிவக்கும்."

"இன்னாத்துக்கு குடுத்தோம் தெரியுமா மேடம்? கரண்டி ஆளுங்களுக்கு வவுத்த முறுக்கும். கையி தொங்கிப்பூடும். அம்மாவுக்கு மொதல்ல குடுத்துட்டா நம்மள வுட்ருவான்னு."

நஸ்ரீன் தலையைத் திருப்பிக்கொண்டாள். "நான் மேலே எழுதினா போலீசோட வந்து தோண்டுவாங்க. அது வேணாம். கோடு போட்டது மக்கள். அழிக்கிறதும் மக்களா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீங்களே பேசுங்க."

வீட்டுக்கு வந்து அவன் உட்காரவில்லை. கொட்டகைக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். சம்பூரணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இன்னாயா, காலுல சக்கரம் கட்டிக்கினு சுத்துற?" என்றாள். அவன் நின்றபடியே சொன்னான். அம்மன் கல்லை நகர்த்த வேண்டும், கீழே தோண்ட வேண்டும், அங்கிருந்துதான் விஷம் வருகிறது. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் அரிசிச் சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பம்பு?" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தைதான். பவளம் குழந்தையாக இருந்தபோது அம்மன் மேடையை ஒட்டி ஒரு கை பம்பு இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் தீர்த்தம் என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சம்பூரணம் பவளத்தை அங்கே குளிப்பாட்டி, ஒரு டம்ளர் குடிக்க வைத்துத் தூக்கி வருவாள். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு டம்ளர் இரண்டாயிற்று.

படுதாவுக்கு அந்தப் பக்கம் பவளம் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சம்பூரணம் அரிசியைக் களைந்தாள். தண்ணீரை மாற்றினாள். மறுபடியும் களைந்தாள். அன்றைக்கு அந்த அரிசி உலைக்குப் போக வெகு நேரமானது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பலகைக்குக் கீழேயே நடந்தது. முனிரத்தினம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர், முன்பு லாரி ஷெட் வைத்திருந்தவர், மைக் இல்லாமலே கேட்கும் குரல்.

"ஒரு குடும்பத்துக்காக எண்பத்து மூணு குடும்பம் நடுத்தெருவுல நிக்க முடியாது. எத்திராஜு நல்லவன். இல்லன்னு நான் சொல்லல. ஆனா நல்லவனுக்காக எத்தினி வருஷம் கொசுக்கடி துன்றது? பேசுறதுனா பேசுப்பா. பேசிட்டா கை தூக்கிடலாம்."

எத்திராஜ் எழுந்தான். மைக்கை வாங்கவில்லை, நடுக்கத்தில் அது ஆடும். "எந்துண்டுல ஒன்னியும் இல்ல. விஷம் அம்மா காலடியிலேர்ந்து வருது. மொதக் கரண்டி. உங்க எல்லாருக்கும் தெரியும். அத தோண்டி எடுக்கணும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"வாயில புத்து வெக்கும்டா உனக்கு!"

"தன் வூட்டுக்காக சாமிய தோண்ட சொல்றான் பாரு!"

"அவுங்க அப்பன் ஊத்துனது, இவனுக்கு உறுத்துது!"

நஸ்ரீன் எழுந்து மழை, ஆசிட், ஈயம் என்று விளக்கிப் பார்த்தாள். "மேடம், நீங்க வேற மதம், இதுல வராதீங்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் முகம் சுருங்கியது, ஆனாலும் உட்காரவில்லை. முனிரத்தினம் கையை உயர்த்தினார். "போதும். அம்மாவுக்குக் குடுத்தது அம்மாவுக்கு. திரும்பக் கேக்கிற பழக்கம் நம்ம பரம்பரையில இல்ல. எத்திராஜு குடும்பத்த நீக்குறதுக்கு சம்மதிக்கிறவங்க..."

"இருங்க தலைவரே" என்றாள் சம்பூரணம்.

பின்னால் பெண்கள் பக்கத்தில் பவளத்தின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஆடி மாசம் படையல் போடறோமே, எல நெறைய. கற்பூரம் காட்டுறோம். அப்புறம் இன்னா பண்றோம்? அம்மா எந்திரிச்சி வந்து துன்ட்டு எல மடிக்கிறாளா?"

அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நாமதான எடுத்துத் துன்றோம்? அவளுக்குக் காட்டுறது நம்மளுது. அவ பாத்துட்டு நமக்கே குடுக்கிறா. அதான படையலு? எடுக்காம வுட்டா இன்னா ஆவும்?"

"ஊசிப்பூடும்" என்றாள் தேசம்மா, தன்னையறியாமல்.

"ஊசிப்போச்சு" என்றாள் சம்பூரணம். "எத்தினியோ வருசமா படைச்சிக்கினே இருந்துட்டோம். ஒருத்தராவது எடுத்தமா? தாயி முன்னாடி ஊசுன சோத்த வெச்சிட்டு நல்லா வெய்யின்னு கேட்டுக்கினு கீறோம். அவ இன்னா பண்ணுவா? எடுங்கடான்னுதான் இவ்ளோ நாளா செவப்பா காட்டிக்கினு கீறா." அவள் பவளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான்தான் வெளக்கேத்துறவ. நான் சொல்றேன். எடுக்கலாம்."

முனிரத்தினம் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவருடைய அண்ணனும் கரண்டி ஆள். கை தொங்கிப்போய் நாற்பது வயதில் செத்தவர்.

"படையல எடுக்க சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அவர் கைதான் முதலில் உயர்ந்தது.

முறைப்படி கற்பூரம் காட்டி, கல்லைப் பத்துப் பேர் சேர்ந்து நகர்த்தி வைத்தார்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் தோண்ட வேண்டும் என்று நஸ்ரீன் பிடிவாதமாக நின்றாள். சாம்பல் மண் வந்தது, பிறகு வெள்ளையாகப் பூத்த மண், அதற்கும் கீழே கடப்பாரை ணங்கென்றது. கழுவிப் பார்த்தபோது அடுக்கடுக்காக இருந்தது, ஊற்றி ஊற்றி ஆறின ஈயம், தோசை மேல் தோசை வைத்த மாதிரி. ஒவ்வொரு அடுக்கும் ஒரு திங்கட்கிழமை. எத்திராஜ் குனிந்து மேல் அடுக்கைத் தடவினான். அது அவன் ஊற்றியது. எந்த அடுக்கிலிருந்து அப்பாவுடையது என்று தெரியவில்லை. கிரேன் வைத்துத்தான் தூக்க முடிந்தது.

நிலையத்து எந்திரத்தில் ஏறாது என்று லாரி எடைமேடையில் வைத்தார்கள். எடையைப் பார்த்து, கணக்குப் போடுகிறவன் இருமுறை கண்ணாடியைத் துடைத்தான். விதிப்படி பார்த்தால் எண்பத்து நாலு குடும்பத்தின் கடனும் கழிந்து அதற்கு மேலும் நின்றது.

தேசம்மா குலவை போட்டாள். அந்தச் சத்தம் அடங்கிய சில நாட்களிலேயே ஒரு கார் வந்தது.

இறங்கியவர் வக்கீல். கம்பெனிக்குக் கடன் கொடுத்த ஒரு வங்கியின் சார்பாக வந்திருப்பதாகச் சொன்னார். "இது மாசு இல்ல. மண்ணுல கலந்ததுதான் மாசு. இது கட்டி உலோகம். கம்பெனியோட சரக்கு. கம்பெனி சொத்து எல்லாம் வங்கிக்கு அடமானம். இதை நாங்க எடுத்துக்கறோம். உங்க கடன்ல இதைக் கழிக்க முடியாது."

வாசலுக்கு வந்துவிட்ட வீடு மறுபடியும் நடந்து போவது எத்திராஜுக்குத் தெரிந்தது. அவன் பார்வை பவளத்தைத் தேடியது.

தேசம்மாதான் வாயைத் திறந்தாள். "சாரே, எனக்கு எழுத்து வராது. ஒன்னு கேக்கிறேன். கம்பெனியோட சரக்குன்றியே, அப்ப கம்பெனி கீதா?"

"சட்டப்படி அதோட உரிமை எங்ககிட்ட..."

"ஓனரு நீங்களா?"

"அப்படி எடுத்துக்கலாம்."

நஸ்ரீன் சட்டென்று நிமிர்ந்தாள். அவள் குரல் அமைதியாக இருந்தது. "சார், மாசுபடுத்தினவங்களோட உரிமையாளர் யாருமே இல்லைன்னுதான் இந்த மக்கள் தலையில செலவைப் போட்டாங்க. நீங்க உரிமையாளர்னு எழுதிக் குடுத்தா, இந்த ஈயம் உங்களோடது. கூடவே எண்பத்து நாலு துண்டைச் சுத்தம் செஞ்ச செலவும் உங்களோடது. இத்தனை வருஷ வைத்தியச் செலவும்."

முனிரத்தினத்துக்கு மைக் தேவைப்படவில்லை. "யோவ், ஒரு பேப்பரு எடுத்தாங்கப்பா! சாரு எழுதிக் குடுக்கட்டும். நாலு காப்பி போடு. கோர்ட்டுல எத்தினி வருசமா தேடுறாங்க! கார்லயே வந்துட்டாரு நம்ம மொதலாளி!"

சிரிப்பு வெடித்தது. வக்கீல் தள்ளிப் போய் போன் பேசினார். நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிக் காரில் ஏறினார். பிறகு அவர் வரவில்லை, காகிதமும் வரவில்லை. உரிமையாளர் என்ற கேள்வியை யாரும் மறுபடி கிளப்பிவிடக் கூடாது என்கிற அவசரத்திலோ என்னவோ, அரசாணை மட்டும் வெகு சீக்கிரம் வந்தது. தோண்டி எடுத்தது கழிவு. கழிவை அகற்றிய மக்களின் கடன் முழுவதும் தள்ளுபடி.

அடுத்த அறுப்பில் எத்திராஜின் துண்டு பச்சையாக நின்றது.

கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு மூவரும் போனார்கள். சாளரத்துக்குப் பின்னாலிருந்த இளைஞன் எத்திராஜின் கட்டைவிரலையும் சம்பூரணத்தின் விரலையும் கண்ணாடியில் பதித்து வாங்கினான். பவளம் தானாகவே விரலை நீட்டினாள். "உனக்கு வேணாம்மா" என்று சிரித்தான். திரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று எண்பது இருந்த இடத்தில் சுழியம்.

"அவ்வளவுதாங்க. முடிஞ்சுது. இனிமே நீங்க யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்ல."

எத்திராஜ் தலையை ஆட்டினான். அடுத்த ஆளுக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றான். கூப்பிடத் திரும்பியபோது சம்பூரணம் சாளரத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த இளைஞன் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை என்பதுபோல, பவளத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு.